எண்டர் தட்டும் விரல் யாருடையது?

நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! கணினியைக் கரைத்துக் குடித்துவிட்டு எதிரே அமர்ந்திருக்கும் நண்பர்களே! பெரியோர்களே, தாய்மார்களே!

எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "இனிமே கட்டளையெல்லாம் படிக்க வேண்டாம் சார். தமிழ்லயே கேளுங்க. செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும். எண்டர் தட்டுனா முடிஞ்சுது" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஏன்னா, அதில் பாதி உண்மை!

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். டெர்மினலில் எழுத்துதான். எல்எஸ், சிபி, எம்வி என்று ரெண்டு ரெண்டு எழுத்தில் கட்டளை. தெரிந்தவன் பூசாரி, தெரியாதவன் வாசலில் நிற்பான். இன்றைக்குச் சாதாரணப் பேச்சிலேயே கேட்கலாம் என்று கதவு திறந்திருக்கிறது. வரவேற்கிறேன்.

ஆனால் ஐயா, கேட்பது நம் மொழி. கிடைப்பது அதன் மொழி. நடுவிலே அர்த்தம் என்ன ஆச்சு?

ஒருத்தர் கேட்கிறார்: "இடம் பத்தல. பழைய படத்தையெல்லாம் அழிக்க ஒரு கட்டளை கொடு." உடனே வருகிறது ஒரு வரி. ஃபைண்டு என்று தொடங்கி டெலிட் என்று முடிகிறது. இலக்கணப் பிழையே இல்லை! ஆனால் 'பழைய' என்ற சொல் அங்கே ஓர் எண்ணாகிவிட்டது. இத்தனை நாளுக்கு முந்தைய தேதியுள்ள கோப்பெல்லாம் பழசு. அந்தக் கணக்கில் 2015இல் எடுத்த மகள் கல்யாணப் படம் பழசு. நேற்று வந்த 'குட் மார்னிங்' ரோஜாப்பூ புதுசு! ரோஜாப்பூ தங்கிவிடும், கல்யாணம் போய்விடும். அந்த டெலிட் "நிச்சயமா?" என்று கேட்காது. குப்பைத் தொட்டியிலும் போட்டு வைக்காது. வேறு நகல் இல்லையென்றால் மீட்பது பெரும்பாடு.

என் வீட்டம்மாவும் போகிக்கு முதல் நாள், "பழசையெல்லாம் வெளியே போடணும்" என்றார். தேதி பார்த்துப் போட்டிருந்தால் முதலில் நான்தான் தெருவில் நின்றிருப்பேன்! சொல்லுக்குப் பொருள் அகராதியில் மட்டுமில்லை ஐயா, சொன்னவர் மனசிலும் இருக்கிறது.

அப்படியானால் கேட்கவே கூடாதா? தாராளமாகக் கேளுங்கள். வந்த வரியில் அந்த டெலிட்டை மட்டும் எடுத்துவிட்டு முதலில் ஓட்டிப் பாருங்கள். எதையும் அழிக்காது, எவையெல்லாம் போகும் என்று பட்டியல் காட்டும். அதில் கல்யாணப் படம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது நீங்கள்தான். ஒவ்வொரு சொல்லும் எதற்கு என்று அதனிடமே கேளுங்கள். 'மேன்' என்று தட்டிக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். அதுதான் படிப்பு! தம்பி வேண்டாம் என்றது இதைத்தான்.

எழுதித் தருவது இயந்திரமாக இருக்கட்டும். எண்டர் தட்டும் விரல் நம்முடையது, இழப்பும் நம்முடையது. ஆகவே, படித்துப் பார்க்கும் அறிவு என்றும் தேவை என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.