பயிற்சிக் கல்லூரியும் பள்ளியும்
(திருவனந்தபுரத்தில் ஆற்றிய உரை)



கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டுமென 1817-இல் திருவிதாங்கூரில் ராணி கௌரி பார்வதி பாயி ஆணையிட்டார். ஆயினும் நிதி மட்டும் கல்வியாகாது. பயிற்சி பெற்ற ஆசிரியரே அதற்கு உயிரூட்டுகிறார்.

ஆசிரியர் பயிற்சி நிலையங்கள் பல்கலைக்கழக வாழ்விலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் விலகி நிற்பதைக் கோத்தாரி கல்விக் குழு (1964–66) பெருங்குறையெனச் சுட்டியது. பின்னர், 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 1995-இல் அமைந்தது. 2015–16 முதல் பி.எட். படிப்பு ஈராண்டாயிற்று.

கூடுதலாகக் கிடைத்த ஓராண்டு விரிவுரைக்கா, வகுப்பறைக்கா என்பதே இன்றைய வினா. இந்நகரின் தைக்காட்டில் அரசு ஆசிரியர் கல்விக் கல்லூரியும் அரசு மாதிரிப் பள்ளியும் ஒரே பகுதியில் உள்ளன. இவ்வண்மை எல்லாக் கல்லூரிகளுக்கும் வாய்க்காது. எனினும், அருகிலுள்ள பள்ளிகளின் அனுபவமிக்க ஆசிரியரைப் பயிற்சியில் பங்காளியாக்க எக்கல்லூரிக்கும் இயலும். அதற்குக் கட்டடம் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.