நெடும்போக்குகள் யாருக்கு முதலில் தெரிகின்றன?



உலகின் நெடுங்காலப் போக்குகளைப் பற்றிப் பேசப் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் கூடியிருக்கிறோம். மக்கள்தொகை முதுமையடைவது, உற்பத்தி எந்திரமயமாவது, வணிகப் பாதைகள் இடம் மாறுவது, பருவநிலை பிறழ்வது என இந்தப் போக்குகளின் பெயர்கள் நம் எல்லோருக்கும் பழக்கமானவை. அவற்றை வளைகோடாக வரைந்து காட்டவும் நமக்குத் தெரியும். நான் இந்த அவைமுன் வைக்க விரும்பும் கேள்வி அந்த வளைகோட்டுக்கு அடியில் இருக்கிறது. நெடும்போக்கு எதுவும் ஒரே இரவில் வந்து இறங்குவதில்லை. இருபது முப்பது ஆண்டுகளாக மெல்ல நகர்ந்து வருகிறது. அப்படியிருந்தும், அது வந்து சேரும் நாளில் சிலர் முன்கூட்டியே பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டிருக்கிறார்கள். சிலர் வீட்டுச் சாமானோடு சாலையோரத்தில் நிற்கிறார்கள். ஏன் இப்படி? போக்கின் வேகத்தை வைத்து இதை விளக்க முடியாது. அது யாருக்கு எப்போது தெரிந்தது, தெரிந்தபோது நகர்வதற்கு அவர் கையில் என்ன இருந்தது என்ற இரண்டையும் வைத்தே விளக்க முடியும் என்பது என் வாதம். அதற்கான சான்றுகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். தீவிலிருந்து பாலத்தைக் கடந்தால் செபராங் பிறை.

அந்த மண் ஒன்றரை நூற்றாண்டில் நான்கு பயிர்களைப் பார்த்துவிட்டது. வெல்லஸ்லி மாகாணம் என்று வெள்ளையர் பெயரிட்டிருந்த அந்த நிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் கரும்பு விளைந்தது. பத்து கவானில் சீன முதலாளிகளும் மற்ற இடங்களில் ஐரோப்பியரும் ஆலை நடத்தினர். தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுள் மிகப் பலர் இறங்கியது இந்தக் கரும்புக் காடுகளில்தான். ஐரோப்பாவின் பீட்ரூட் சர்க்கரையும் ஜாவாக் கரும்பும் விலையை அழுத்த, கரும்பு போய்ப் பால்மரம் வந்தது. அந்த மாற்றத்தின் விதை முன்பே ஊன்றப்பட்டிருந்தது. விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனது 1876இல். அங்கே முளைத்தவற்றில் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தது 1877இல். ஆக, ரப்பர் மலாயாவை ஆளப்போவதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே அதன் கன்று இங்கே நின்றுகொண்டிருந்தது. பின்னர் செயற்கை ரப்பர் வந்தது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. இன்று அதே பத்து கவானில், 2014 மார்ச் 1இல் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் நீள இரண்டாம் பாலத்தின் கரையோரம், மின்சில்லுத் தொழிற்சாலைகள் எழுந்து நிற்கின்றன. கரும்பு, பால்மரம், செம்பனை, சில்லு: நான்கையும் அழைத்து வந்தது உலகச் சந்தை. எந்த மாற்றமும் பத்தாண்டுகளுக்குக் குறைவான நேரத்தில் நடந்துவிடவில்லை.

ஆனால் இந்த நேரம் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்தபோது, லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். விலைக்கோட்டை லண்டனில் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். பால்வாளி தூக்கியவருக்கு அது தெரிந்தது கங்காணி பெயர் வாசித்த காலையில். 1950களில் நடந்தது இதைவிடத் தெளிவான சான்று. சுதந்திரம் வரப்போகிறது என்று கணித்த வெள்ளையர் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு மறுபடி விற்றார்கள். விற்றவருக்கு அரசியல் போக்கு தெரிந்திருந்தது. வாங்கியவருக்கு நிலத்தின் விலைப்போக்கு தெரிந்திருந்தது. தொழிலாளர் லயத்தில் இருந்தவர்களுக்கோ, நிலம் அளக்க ஆள் வந்தபோதுதான் தெரிந்தது. தோட்டத்து லய வீடு வேலையோடு சேர்ந்தது என்பதை இங்கே மறக்கக்கூடாது. வேலை போன மாதமே வீடும் போயிற்று. வீட்டோடு கோயிலும் பள்ளியும் அக்கம்பக்கமும் போயின. மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அசிஸ் தலைமையில் 1951 முதல் 1960 வரையிலான தோட்டத் துண்டாடல் விரிவாக ஆராயப்பட்டது. அருமையான ஆய்வு. ஆயினும் துண்டாடல் வேகமாக நடந்து முடிந்த பத்தாண்டைப் பற்றிய ஆய்வு அது. நம் துறையின் பழைய குறை இதில் தெரிகிறது: நாம் பெரும்பாலும் நடந்து முடிந்த பிறகே போய்ச் சேர்கிறோம்.

அதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. 1960இல் அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். சேர்ந்த பணத்தில் சங்கம் தோட்டங்களை விலைக்கு வாங்கியது. பிற்கால நிர்வாகத்தைப் பற்றிப் பல விமர்சனங்கள் உண்டு. அவை தனி ஆய்வுக்கு உரியவை. இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது அதன் அமைப்பு. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார்; துண்டாடல் என்ற போக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தொழிலாளர்களின் மொழியிலேயே சொன்னார். சொன்ன கையோடு, பத்து வெள்ளியில் தொடங்கக்கூடிய ஒரு வழியையும் காட்டினார். செய்தியும் கருவியும் ஒரே நேரத்தில் ஒரே கைக்குப் போய்ச் சேர்ந்தன. துண்டாடலை அவர் நிறுத்திவிடவில்லை. யாராலும் நிறுத்தியிருக்க முடியாது. ஆனால் சங்கம் வாங்கிய தோட்டங்களில் இருந்தவர்கள் அந்தப் போக்கை வேறு நிலையிலிருந்து எதிர்கொண்டார்கள். நெடும்போக்கு தலைவிதி என்று எழுதும் ஒவ்வொரு கட்டுரையாளரும் இந்தப் பத்து வெள்ளிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

தீவின் கதை இதற்குத் துணை நிற்கிறது. 1786இல் தொடங்கிய சுங்கமற்ற துறைமுக வாழ்வு 1969இல் முடிந்தது. வேலையில்லாதோர் 15 விழுக்காட்டை ஒட்டி இருந்த நேரம் அது. அந்த ஆண்டில் பொறுப்பேற்ற துன் லிம் சோங் இயூவின் மாநில அரசு அதே ஆண்டே பினாங்கு வளர்ச்சிக் கழகத்தை அமைத்தது. 1970இல் வந்த, பினாங்கின் பொருளாதாரத்தை ஆராய்ந்த நாதன் அறிக்கை துறைமுகத்தை மட்டும் நம்பியிருந்தால் என்னாகும் என்று எச்சரித்தது. 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வணிக வலயம் திறக்கப்பட்டு இன்டெல் வந்தது. இன்று உலகின் மின்சில்லுப் பொதியாக்கத்திலும் சோதனையிலும் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறதென்றால், அதன் வேர் அந்த மூன்று ஆண்டுகளில் இருக்கிறது. ஓர் அரசுக்கு முன்னறிவும் கருவியும் ஒருங்கே வாய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆசியாவிலேயே இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டுகள் சிலவே. அதே 1969ஐச் சுற்றித்தான், 1968இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு தேவை என்றாகி, சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். நீண்ட காலம் இங்கே உழைத்தும் குடியுரிமைத் தாளின் மதிப்பு அந்தத் தாள் கேட்கப்பட்ட நாளில்தான் பலருக்குத் தெரிந்தது.

இந்த வாதத்துக்கு எதிராக இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். முதல் மறுப்பு, எதிர்காலம் யாருக்குமே தெரியாது என்பது. பாயான் லெப்பாஸ் நெல்வயலில் சில்லு விளையும் என்று 1960இல் யார் சொன்னார்கள் என்று கேட்கலாம். சரியான கேள்வி. எந்தக் கம்பெனி எந்த ஆண்டில் வரும் என்பதை எவராலும் சொல்ல முடியாது. சொல்கிறேன் என்பவரை நம்பவும் வேண்டாம். ஆனால் நான் பேசுவது திசையைப் பற்றி. 2030இல் அறுபது வயதாகப் போகிறவர்கள் அனைவரும் 1970இலேயே பிறந்துவிட்டார்கள். அதை ஊகம் என்று சொல்ல முடியாது. ரப்பரில் உழைப்பாளர் தேவை குறையும் என்பதும், துறைமுகத்தில் பெட்டகம் வந்தால் மூட்டை தூக்குவோருக்கு வேலை இருக்காது என்பதும் பல ஆண்டுகள் முன்பே அந்தத் துறைகளின் அறிக்கைகளில் எழுதப்பட்டிருந்தவைதான். தெரியாதவை ஏராளம் உண்டு என்பது உண்மை. தெரிந்தவை பகிரப்படவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

இரண்டாம் மறுப்பு இன்னும் வலுவானது. தெரிந்துவிட்டால் மட்டும் போதுமா? இதே ஜார்ஜ்டவுன் அந்த மறுப்பைச் சொல்கிறது. 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகையைப் பழைய விலையிலேயே கட்டிப்போட்டிருந்தது. அதை நீக்கும் சட்டம் 1997இல் வந்தது. 1999 முடிய அவகாசம் தரப்பட்டது. எல்லோருக்கும் தெரிவிக்கப்பட்டது, நாளிதழ்களில் வந்தது. ஆயினும் 2000 பிறந்ததும் கீழ்த்தளத்தில் கடையும் மேல்தளத்தில் குடும்பமுமாகத் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் நகரின் நடுவிலிருந்து வெளியேறினார்கள். 2008இல் யுனெஸ்கோ இந்நகரை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியபோது, அந்தப் பாரம்பரியத்தைத் தம் வாழ்க்கையால் உருவாக்கியவர்களில் பலர் அங்கே இல்லை. எனவேதான் என் வாதத்தை ஆரம்பத்திலேயே இரட்டையாக வைத்தேன். கருவி இல்லாத முன்னறிவு வெறும் கவலையாகவே முடிகிறது. மாற்று வீடு, கடன், வேறொரு தொழிலுக்கான பயிற்சி என ஏதேனும் ஒன்று உடன் வராத அறிவிப்பு, காலி செய்யச் சொல்லும் கடிதத்திலிருந்து அதிகம் வேறுபடுவதில்லை. மாநிலத்தின் சராசரி வருமானம் உயர்ந்ததே என்று இதற்குப் பதில் சொல்லப்படுவதுண்டு. உயர்ந்தது உண்மைதான், ஆனால் வெளியேறியவரையும் அவருடைய கட்டடத்தை விடுதியாக்கியவரையும் சராசரி ஒரே எண்ணில் அடக்கிவிடுகிறது.

இப்போது நம் முன் இருக்கும் போக்குகளை இந்தக் கண்ணோடு பார்ப்போம். தண்ணீரை எடுத்துக்கொள்வோம். பினாங்கின் மூல நீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. அந்த ஆறு கெடாவின் உலு மூடா காட்டில் பிறக்கிறது. மழை முறை மாறும் காலத்தில் மேலே மரம் வெட்டும் முடிவு ஒரு மாநிலத்தில் எடுக்கப்படுகிறது. அதன் விளைவு இன்னொரு மாநிலத்தின் குழாயில் தெரிகிறது. தீவின் தென்கரை மீனவர்களின் நிலை இன்னொரு வகை. கடலைத் தூர்த்து மூன்று தீவுகள் உருவாக்கும் திட்டத்துக்கு எதிராக அவர்கள் முறையிட்டார்கள். 2021இல் சுற்றுச்சூழல் ஒப்புதல் ரத்தானது. பின்னர் திட்டம் ஒரே தீவாகச் சுருங்கி, 2023இல் வேலை தொடங்கியது. அவர்கள் கேட்டது முழுவதும் கிடைத்துவிடவில்லை. ஆனாலும் ஆவணங்களை முன்கூட்டியே படித்து, அவற்றைத் தம் மொழியில் விவாதித்து, உரிய மன்றத்துக்குக் கொண்டுபோன ஒரு சிறு சமூகம் பெருந்திட்டத்தின் அளவையே மாற்ற உதவியது என்பது இந்த மாநிலத்தின் அண்மைக்கால வரலாறு.

சில்லுத் துறையிலும் இதே கேள்விதான். 2024 மே மாதம் வெளியான தேசியக் குறைக்கடத்தித் திட்டம் 60,000 பொறியாளர்களை உருவாக்க வேண்டும் என்கிறது. பொறியாளராவதற்கான முடிவு பல்கலைக்கழக வாசலில் எடுக்கப்படுவதில்லை; நான்காம் படிவத்தில் எந்தப் பாடங்கள் என்று கேட்கும்போதே பாதி முடிந்துவிடுகிறது. இந்த 60,000 என்ற எண் கருத்தரங்குகளில் ஆங்கிலத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சுங்கை பாக்காப்பிலோ நிபோங் திபாலிலோ பதினைந்து வயதுப் பிள்ளையின் பெற்றோர் மேசைக்கு அது எந்த வடிவில் வந்து சேர்ந்திருக்கிறது என்பதை யாராவது ஆராய்ந்தால், அது பத்து வளைகோடுகளைவிடப் பயனுள்ள கட்டுரையாக இருக்கும்.

தமிழில் எதற்கு இந்த மாநாடு, இத்தகைய ஆய்வை ஆங்கிலத்தில் செய்தால் உலகம் முழுவதும் படிக்குமே என்று கேட்பவர்களுக்கும் இதில் விடை இருக்கிறது. 1966இல் தனிநாயக அடிகள் முயற்சியால் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியபோது, தமிழைப் பற்றி உலகம் அறிய வேண்டும் என்பது பெரும் நோக்கமாக இருந்தது. அது நிறைவேறியது. உலகைப் பற்றித் தமிழர் தமிழில் அறிய வேண்டும் என்ற எதிர்த்திசை வேலை இன்னும் பாதியில் நிற்கிறது. பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, சேமநிதியை எப்போது எடுப்பது, வீட்டை விற்பதா வைத்திருப்பதா என்ற முடிவுகள் வீட்டு மொழியில் எடுக்கப்படுகின்றன. அந்த மொழியில் தரவு இல்லாவிட்டால் முடிவு வதந்தியின் பேரில் எடுக்கப்படும்.

நம் பள்ளிகளையே பாருங்கள். நாடு முழுவதும் தமிழ்ப்பள்ளி மாணவர் எண்ணிக்கை பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் லட்சத்தைத் தாண்டியிருந்தது. இன்று 80,000க்கும் கீழே. இதை மொழிப்பற்றின் குறைவு என்று மட்டும் பேசுகிறோம். மலேசியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1970இல் 4.9 பிள்ளைகள், 2022இல் 1.6. இந்தியர்களிடையே அது இன்னும் குறைவு. இந்த ஆண்டு பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை நமக்குத் தெரியும். ஏழு ஆண்டுக்குப் பின் முதலாம் ஆண்டு வகுப்பில் எத்தனை பேர் உட்காருவார்கள் என்பதை ஏறக்குறைய இன்றே சொல்லிவிடலாம். பினாங்கின் 28 தமிழ்ப்பள்ளிகளுக்கும் அந்தக் கணக்கைத் தனித்தனியே எடுத்து, பள்ளி வாரியங்களின் கையில் கொடுக்க நமக்குத் தடையாக இருப்பது எதுவும் இல்லை.

அதே கோட்டின் மறுமுனையில் முதுமை. மக்கள்தொகையில் அறுபது வயதைக் கடந்தோர் 2030இல் 15 விழுக்காட்டை எட்டுவர் என்பது அரசின் கணிப்பு. அவ்வாண்டு அறுபதைத் தொடப்போகிறவர்கள் 1970இல் பிறந்தவர்கள். அவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். லயத்தில் நான்கைந்து உடன்பிறப்புகளோடு வளர்ந்தவர்கள். 1985இல் முதல் பாலம் திறந்தபோது பதினைந்து வயது. தோட்டங்கள் தொழிற்பேட்டையாகவும் வீட்டுமனையாகவும் மாறிய ஆண்டுகளில் இருபதுகளில் இருந்து, தாய் தகப்பன் வீட்டை இழந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். பிறகு லாரி ஓட்டியும் காவல் வேலை செய்தும் ஒப்பந்தத் துப்புரவில் சேர்ந்தும் நகரத்து அடுக்குமாடியில் குடியேறியவர்கள். நாட்கூலியில் கழிந்த ஆண்டுகளுக்குச் சேமநிதியில் எவ்வளவு சேர்ந்திருக்கும்? பார்த்துக்கொள்ளப் பிள்ளை ஒன்றோ இரண்டோ. அந்தப் பிள்ளையும் சிங்கப்பூரில் இருக்கலாம். இந்தத் தலைமுறை எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள், எத்தனை பேருக்குச் சொந்த வீடு என்பதை அவர்கள் அறுபதைத் தொடுமுன் கணக்கெடுக்க முடியும். இம்முறை ஆய்வு முன்னதாகப் போய்ச் சேரட்டும் என்ற எண்ணத்தில்தான் முதுமை பற்றிய கட்டுரைகளை முதல் அமர்வில் வைத்திருக்கிறோம். அந்த அமர்வின் ஆய்வாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.