பக்கத்து இருக்கை



நமது சங்கத்தின் துணைப்பாட வகுப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நாங்கள் வியாபாரிகள், பாடம் நடத்தத் தெரியாது. பின்தங்கிக் கிடந்து, பிறகு பலதுறைத் தொழிற்கல்லூரிவரை போன அனுபவம் மட்டும் உண்டு.

இருபது ஆண்டுகளுக்கு முன், உயர்நிலை இரண்டில், வழக்கநிலை வகுப்பில் நாங்கள் நான்கு நண்பர்கள். எங்கள் வகுப்பில் ஒருவன் தினமும் தாமதமாக வருவான். கணக்கு வராது, கேட்டால் சண்டை. அவன் பெயரைப் பலகையில் எழுதிவைக்கும் வேலை எங்களுடையது. அதை மட்டும் ஒழுங்காகச் செய்தோம்.

வகுப்பாசிரியை ஒருநாள், எழுதியது போதும், முறைவைத்து அவன் பக்கத்தில் உட்காருங்கள் என்றார். முதலில் நாங்கள் செய்த உதவி என்ன தெரியுமா? எங்கள் வீட்டுப்பாடத்தைக் கொடுத்துப் பார்த்தெழுதச் சொன்னோம்! நோட்டு நிறைந்தது, சோதனைத்தாள் காலியாகவே இருந்தது. பிறகுதான் ஒரு கணக்கை அவன் வாயாலேயே படிப்படியாகச் சொல்லச் சொன்னோம். அவன் தடுமாறிய இடம் இயற்கணிதம் அல்ல, தொடக்கப்பள்ளியில் படித்த பின்னம். விளக்கப் போனபோது, எங்களில் இருவருக்கும் பின்னம் சரியாகத் தெரியாது என்பது வெளிச்சமாயிற்று.

தாமதத்துக்குக் காரணம் கேட்டதும் அப்போதுதான். விடியுமுன் அத்தாவோடு சாப்பாட்டுக் கடையைத் திறந்துவிட்டு வருகிறான். அதை ஆசிரியையிடம் சொல்ல அவனுக்கு வெட்கம். நாங்கள் கூடப்போய்ச் சொல்லவைத்தோம். மறுநாளிலிருந்து ஆறரை மணிக்கு எங்களில் ஒருவர் கடைவாசலில் நிற்போம். சண்டை உடனே நிற்கவில்லை, குறைந்தது. வழக்கநிலைத் தேர்வில் கணக்கில் தேறினான்.

இன்னொருவனும் இருந்தான். அவன் பக்கத்தில் நாங்கள் உட்காரவில்லை, பெயர் மட்டும் எழுதினோம். அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. இன்றும் எங்கள் கடைத்தெருவில் அவனைப் பார்த்தால் தலை குனிகிறோம்.

2024 முதல் உயர்நிலை ஒன்றில் சேரும் பிள்ளைகளுக்கு விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவே இல்லை. எல்லாரும் கலந்து உட்காருகிறார்கள். நாமோ, குறும்பு செய்தார்கள் என்று இரண்டு பிள்ளைகளைச் சனிக்கிழமை வகுப்பிலிருந்து போன மாதம் நிறுத்திவிட்டோம். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பீர்கள். இருந்தாலும் அவர்களைத் திரும்ப அழைக்க அனுமதி கேட்கிறோம். பக்கத்தில் உட்கார உயர்நிலை மூன்று மாணவர் இருவர் சம்மதித்துவிட்டார்கள். நீங்கள் சரியென்றால், வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நாங்களே அந்த இரண்டு வீட்டுக்கும் போகிறோம்.