நிறுவையா, நீதியா?
(கொலன்னாவைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கஞ்சாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்றதும் சிலர் முகம் சுளிக்கலாம். போதைக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. குடும்பங்களைக் குலைக்கும் அக்கொடுமையைக் கொலன்னாவை மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாம் பேச வந்தது மருந்தைப் பற்றி. அம்மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதைப் பற்றி.

1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டமே, பல திருத்தங்களுடன், இன்றும் நம்மை ஆள்கிறது. உத்தரவின்றிக் கஞ்சா வைத்திருப்பது அச்சட்டப்படி குற்றம். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டமோ ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகிய முறைகளுக்கு நாட்டில் இடமளித்தது. அம்முறைகளின் சில மருந்துகளில் கஞ்சா சேர்கிறது. ஆக, ஒரே இலை வழக்கின் சான்றுப் பொருளாகவும் இருக்கிறது. வைத்தியரின் கல்வத்திலும் இருக்கிறது!

உத்தரவு பெற்ற வைத்தியருக்கு வழி உண்டு. நோயாளிக்கு? தன் நோய்க்கென இவ்வளவு வைத்திருக்கலாம் என்று ஓர் அளவை நம் சட்டம் எழுதவில்லை.

ஒரு முதியவரை எண்ணிப் பாருங்கள். வைத்தியர் கொடுத்த பொட்டலத்துடன் வீடு திரும்புகையில் பொலிசாரிடம் அகப்படுகிறார். அங்கே முதலில் பேசுவது தராசு. சிறு அளவென்றால் நீதவான் நீதிமன்றம். பெருமளவென்றால் மேல் நீதிமன்றம். நிறை ஏற ஏற மன்றமும் மாறுகிறது. பிணையும் எட்டாமற் போகிறது. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இதனை இன்னும் இறுக்கியது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களில், தூய ஔடதத்தின் நிறை 10 கிராமோ அதற்கு மேலோ எனப் பகுப்பாய்வாளர் அறிக்கை கூறினால், பிணை வழங்கும் அதிகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே உரியது; அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டுமே. பெரும் கடத்தற்காரனுக்கு அக்கடுமை வேண்டுமானால் இருக்கட்டும். ஆனால் எடையைக் கேட்கும் சட்டம், நோயைக் கேட்பது எப்பொழுது?

கலிபோர்னியாவைப் பாருங்கள். அங்கே 1996இல் மக்களே வாக்களித்து, நோயாளி மருந்துக்காகக் கஞ்சா வைத்திருக்க இடமளித்தனர். 2003இல் சட்டமன்றம் 8 அவுன்ஸ் என ஓர் உச்ச அளவு வகுத்தது. 2010இல் அம்மாநில உயர் நீதிமன்றம், மக்கள் வாக்கால் தந்த எதிர்வாதத்தை அந்த எண்ணால் சுருக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. நோயின் தேவைக்கு ஏற்ற அளவா என்பதே அங்கு கேள்வியாயிற்று. அளவு வேண்டாம் என்பதன்று இதன் பாடம்; அளவுக்கு அப்பாலும் நியாயம் கேட்க ஒரு மன்றம் வேண்டும் என்பதே பாடம்.

2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழுவும் கஞ்சாவை 1961ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து நீக்கியது. இங்கோ, ஏற்றுமதிக்காகக் கஞ்சா வளர்ப்பது பற்றி அரசாங்கமே பேசுகிறது. முதலீட்டாளரின் ஏக்கருக்குச் சட்டம் இடம் தேடும்போது, நோயாளியின் பொட்டலத்துக்கு ஏன் தேடக்கூடாது?

நாம் கேட்பவை மூன்று. பதிவு பெற்ற வைத்தியரின் எழுத்துச் சீட்டுக்குரிய அளவைப் பாராளுமன்றம் சட்டத்தில் எழுதட்டும். அச்சீட்டைக் காட்டுவோரின் வாதத்தை முதல் நாளிலேயே விசாரித்து விடுவிக்கும் அதிகாரம் நீதவானுக்குத் தரப்படட்டும். தமிழில் எழுதிய சீட்டும் தமிழில் சொல்லும் வாக்குமூலமும் மன்றத்தில் மொழிபெயர்ப்புடன் செவிமடுக்கப்படட்டும். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை மொழிபெயர்ப்புக்கு உரிமை தருகிறது. சலுகையாக அன்று, உரிமையாகவே கேட்கிறோம்.

நண்பர்களே, அதுவரை இருக்கும் சட்டத்தை மீறாதீர்கள். சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், புரியாத வாக்குமூலத்தில் ஒப்பமிடாதீர்கள். தராசு பொருளை நிறுக்கட்டும். மனிதனை நிறுப்பது நீதிமன்றமாக இருக்கட்டும்!