பழைய கணினிக் கையேடுகளுக்குப் புதுப்பிறவி



பழம்பொருள் பாதுகாப்பு என்றதும் கோயில் சிற்பமும் ஓலைச்சுவடியும்தான் பலரது நினைவுக்கு வரும். நாற்பது ஆண்டுகளே ஆன ஒரு கணினிக் கையேட்டை யாரும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆனால், அத்தகைய கையேடுகளின் தாள் மஞ்சளாகி வருகிறது. பசை காய்ந்து பக்கங்கள் உதிர்கின்றன. அவற்றை எழுத்துக்கு எழுத்து, படத்துக்குப் படம் கணினியில் மீண்டும் உருவாக்கும் பணியில் உலகெங்கும் ஆர்வலர்கள் ஈடுபட்டுள்ளனர். இது வெறும் பொழுதுபோக்கா, அவசியமான தொண்டா என்பதே இன்றைய கேள்வி.

கொமடோர் 64 என்ற கணினி 1982 ஆகஸ்டில் 595 அமெரிக்க டாலர் விலையில் சந்தைக்கு வந்தது. அதை இயக்கினால் நீலத் திரையில் ஒரு சில வரிகள் தோன்றும், அவ்வளவுதான். அடுத்து என்ன செய்வது என்பதைக் கையேடுதான் சொல்லித் தர வேண்டும். கட்டளைகள், நினைவகத்தின் எண்கள், சுற்று வரைபடம் எல்லாமே அந்தப் புத்தகங்களில்தான் இருந்தன. அந்த நிறுவனமோ 1994இல் திவாலாகிவிட்டது. கணினிகள் பல இன்னும் ஓடுகின்றன. கையேடு கிழிந்தால் புதுப் பிரதி கேட்க அந்த நிறுவனம்தான் இல்லை.

‘ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டால் போதாதா?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிட்சேவர்ஸ், இன்டர்நெட் ஆர்கைவ் போன்ற காப்பகங்கள் அப்படிச் சேர்த்து வைத்திருக்கும் பக்கங்கள் ஏராளம். அவை இல்லாவிட்டால் இன்று மறுவுருவாக்கமே இல்லை. ஆனாலும் ஸ்கேன் என்பது பக்கத்தின் நிழற்படம் மட்டுமே. கறையும் மடிப்பும் அதில் அப்படியே பதியும். மங்கிய எழுத்து மங்கியே இருக்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. 2013இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் என்ற கணினி வல்லுநர், ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தபோது எண்கள் மாறியிருப்பதைக் கண்டறிந்தார். வெவ்வேறு பரப்பளவுள்ள அறைகள் ஒரே அளவைக் காட்டின. மற்றோர் ஆவணத்தில் 6 என்ற எண் 8 ஆகியிருந்தது. கோப்பின் அளவைச் சுருக்குவதற்காக, ஒன்றுபோல் தோன்றும் வடிவங்களை ஒரே வடிவமாக வைத்துக்கொள்ளும் முறையே அதற்குக் காரணம். எண் மங்கியிருந்தால் படிப்பவருக்குச் சந்தேகம் வரும். இங்கோ எண் பளிச்சென்று இருந்தது. ஆனால் தவறாக இருந்தது. அந்த நிறுவனம் பின்னர் திருத்த மென்பொருளை வெளியிட்டது.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று பழமொழி சொல்வார்கள். இங்கே ஏட்டைக் கெடுத்தது இயந்திரம்.

கணினிக் கையேட்டில் ஓர் எண் மாறினால் என்ன ஆகும்? கொமடோர் 64இல் ‘போக் 53280,0’ என்று தட்டினால் திரையின் ஓரம் கறுப்பாகும். 53280 என்பதை 53260 என்று அச்சிட்டுவிட்டால் ஓரம் மாறாது. அந்த எண் வேறொரு பணிக்குரிய இடம். பிழைச் செய்தியும் வராது. புதிதாகக் கற்பவர் தம் மீதும் கணினி மீதும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பார். புத்தகத்தின் மீது சந்தேகம் வராது.

எழுத்துருவும் அப்படித்தான். அந்தக் கணினியின் நிரல்களில் நிறம் மாறிய கட்டத்துக்குள் ஓர் இதய வடிவம் வரும். அது அழகுக்காகப் போட்டதன்று. திரையைத் துடைத்துவிடு என்ற கட்டளை. எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள் அதை மைக்கறை என்று ஒதுக்கிவிடக்கூடும். அதனால்தான் ஆர்வலர்கள் கணினியின் எழுத்துச் சில்லிலிருந்தே வடிவங்களை எடுக்கிறார்கள். 4,096 பைட் கொண்ட அந்தச் சில்லில், ஒவ்வோர் எழுத்தும் எட்டுக்கு எட்டு என்ற புள்ளிக் கட்டமாகப் பதிந்திருக்கிறது. ஊகத்துக்கு அங்கே இடமில்லை.

ஆனால் அந்த வடிவங்களுக்குப் பொதுவான குறியீட்டு எண் நெடுங்காலம் இல்லை. ஓர் எழுத்துருவில் இதயமாகத் தெரிந்தது மற்றொன்றில் வேறாகத் தெரியும். தமிழ் வாசகர்களுக்கு இந்தத் தொல்லை புதிதன்று. 1990களில் ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ், மற்றொரு கணினியில் புரியாத குறிகளாக மாறியது பலருக்கும் நினைவிருக்கும். 2020 மார்ச்சில் வெளிவந்த யுனிகோட் 13, பழைய கணினிகளின் வரைகலைக் குறிகளுக்கென்றே ஒரு தனித் தொகுதியை ஒதுக்கி, 212 குறிகளைச் சேர்த்தது. அதன் பிறகு இந்தப் பணி உறுதியான தளத்தில் நிற்கிறது.

இனி வேலை நடக்கும் முறையைப் பார்ப்போருக்கு அதன் உழைப்பு புரியும். முதலில் நல்ல பிரதியைத் தேடி, உயர்ந்த துல்லியத்தில் ஸ்கேன் செய்வார்கள். அடுத்து அச்செழுத்து எதுவென்று அடையாளம் காண்பார்கள். அக்காலப் புத்தகங்கள் பல ஒளி அச்சுக்கோப்பில் உருவானவை. இன்று அதே பெயரில் கிடைக்கும் எழுத்துருவின் அகலம் சற்று வேறுபடலாம். ஒரு வரி நீண்டால் பத்தி நீளும். பத்தி நீண்டால் பக்கம் மாறும். பக்கம் மாறினால் புத்தகத்தின் பின்னுள்ள சொல்லடைவு முழுவதும் பொய்யாகிவிடும். எனவே புதிய பக்கத்தைப் பழைய பக்கத்தின் மேல் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுகிறார்கள். சுற்று வரைபடத்தில் இரு கோடுகள் சந்திக்கும் இடத்திலுள்ள சிறு புள்ளிகூட முக்கியம். புள்ளி இருந்தால் இணைப்பு. இல்லாவிட்டால் ஒன்றையொன்று கடக்கும் கம்பிகள். இறுதியாக, நிரல்களை அசல் கணினியிலோ அதைப் போலச் செயல்படும் மென்பொருளிலோ ஓட்டிப் பார்க்கிறார்கள்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. அசல் புத்தகத்திலேயே பிழை இருந்தால் திருத்தலாமா? திருத்தினால் பயனீட்டாளருக்கு நன்மை; ஆனால் வரலாறு மாறிவிடும். மூலத்தை அப்படியே வைத்து, திருத்தத்தைத் தனிப் பக்கத்தில் தருவதே நேர்மையான வழி. மறுபதிப்பு என்ற குறிப்பும் முகப்பிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால், அசல் என்று சொல்லி அதை அதிக விலைக்கு விற்பவர்களும் வரக்கூடும்.

பதிப்புரிமையையும் மறந்துவிடக் கூடாது. ஒரு நிறுவனம் கணினித் தொழிலை விட்டு விலகினாலும் உரிமை மறைவதில்லை, கை மாறுகிறது. சின்கிளேர் கணினிகளின் உரிமையை 1986இல் ஆம்ஸ்ட்ராட் வாங்கியது ஓர் எடுத்துக்காட்டு. உரிமையாளரைத் தேடி அனுமதி கேட்பது சிரமமான வேலை. ஆனாலும் அதைச் செய்வதே முறை.

நேயர்களே, மறுவுருவாக்கம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் மூலத்துக்கு ஈடாகாது. அதைச் சரிபார்க்க மூலம் வேண்டும். ஆகவே வீட்டு அலமாரியில் பழைய கணினிக் கையேடு ஒன்று கிடந்தால், பழைய தாள் வாங்குபவரிடம் போடுவதற்கு முன் ஒரு நூலகத்தையோ ஆர்வலரையோ கேட்டுப் பாருங்கள். எங்கோ ஒருவர் தம்மிடமுள்ள பிரதியில் அழிந்துபோன ஒரே ஒரு பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கலாம்.