இரு பெயர், ஒரு வீடு



திருமணம் செய்துகொள்ளாமல் இணைந்து வாழும் இருவர், தம் ஊதியத்தைச் சேர்த்து ஒரு வீடு வாங்குதல் இக்காலத்தில் அரிதன்று. அவ்வாழ்க்கை முறையின் நன்மை தீமைகளை ஆராய்வது என் நோக்கமன்று. அவ்விருவருள் ஒருவர் மறைந்தால் வீடு யாரைச் சேரும் என்பதே இன்றைய பொருள்.

“பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கிறதே, ஐயா, எனக்குப் பின் அவருக்குத்தானே?” என்று என் பழைய மாணவர் ஒருவர் என்னிடம் வினவினார். பலரும் இவ்வாறே நம்பியிருக்கின்றனர். சட்டம் அவ்வாறு கூறவில்லை.

1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, வேறு உடன்பாடு இல்லையெனில், அவரவர் கொடுத்த தொகைக்கு ஏற்ற பங்கு அவரவர்க்கு உண்டு. யார் எவ்வளவு கொடுத்தார் என்பதற்குச் சான்று இல்லையேல், இருவர்க்கும் சம பங்கு எனக் கொள்ளப்படும். பத்திரத்தில் வேறு வகையாகத் தெளிவுற எழுதியிருந்தாலன்றி, ஒருவர் இறந்ததும் அவர் பங்கு அவருடைய வாரிசுகளுக்கே செல்லும்.

அவ்வாரிசுகள் யாவர்? 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் இதனை வரையறுக்கிறது. ஆண் உயில் எழுதாது இறப்பின், தாய், மனைவி, மக்கள் முதலியோர் முதலில் வருவர். அவர்கள் இல்லையேல் தந்தை. அவரும் இல்லையேல் உடன்பிறந்தார் முதலியோர். பெண்ணின் நிலை இன்னும் கவலைக்குரியது. மக்களற்ற கைம்பெண் ஒருத்தி தன் சொந்த ஊதியத்தால் வாங்கிய பங்கும், மறைந்த கணவரின் வாரிசுகளுக்கே செல்லும் என 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடன் வாழ்ந்தவருக்கு இவ்வரிசையில் இடமே இல்லை.

இதனால் விளைவது யாது? இருபது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டில், முன்பின் அறியாத ஒருவர் பங்காளியாக வந்து நிற்பார். அவர் பாகப்பிரிவினை கேட்டு வழக்கிடலாம். பிரிக்க இயலாத வீட்டை விற்றுப் பணத்தைப் பகிருமாறு நீதிமன்றம் கட்டளையிடவும் கூடும்.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் தங்களைக் காக்குமே எனச் சிலர் எண்ணலாம். அச்சட்டம், திருமணத்தை ஒத்த உறவில் வாழும் பெண்ணுக்கும் வன்முறையிலிருந்து பாதுகாப்பும், பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையும் அளிக்கிறது. வாரிசுரிமையை அது அளிக்கவில்லை. நெடுங்காலம் கணவன் மனைவியராக வாழ்ந்தோரை மணம் புரிந்தோர் என நீதிமன்றம் ஊகித்துக்கொள்வதும் உண்டு. ஆயினும் அது மறுக்கத்தக்க ஊகமே. மணமே வேண்டாமென வெளிப்படையாக வாழ்ந்தவர்க்கு அது துணை செய்யாது.

இதற்கு எளிய வழி உயில். தெளிந்த மனத்தோடு, தம் பங்கு இன்னாருக்கு என எழுதி, கையொப்பமிட்டு, இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் பெறுதல் வேண்டும். பயன்பெறுபவர் சாட்சியாக இராமை நன்று. பதிவு கட்டாயமன்று, எனினும் பதிவு செய்தல் பின்னாளைய ஐயங்களைக் குறைக்கும். வாழ்நாளில் எப்போது வேண்டினும் உயிலை மாற்றலாம். ஒருவர் எழுதினால் போதாது. இருவரும் தனித்தனியே எழுதவேண்டும். இஸ்லாமியர், வாரிசுகளின் இசைவின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் அளிக்க இயலாது என்பதையும் கருதுக.

வீடு வாங்கும் நாளில் இறப்பைப் பற்றிப் பேசுவது அமங்கலம் என்று தயங்குவோர் உளர். தம்மை நம்பி உடன் வாழ்ந்தவர் முதுமையில் வீடிழந்து நிற்பதினும் அமங்கலம் வேறுண்டோ? பத்திரம் பதிவாகும் வாரத்திலேயே உயிலும் எழுதப்படுமாக.