விரத நாளில் நம் தசைகள்
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கண்டியில் படித்த நமக்கு விரதம் புதியதல்ல. கந்தசஷ்டியில் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனவர்களும், ரமழான் நோன்போடு பாடம் கேட்டவர்களும், தவக்காலம் காத்தவர்களும் ஒரே வகுப்பில்தான் இருந்தோம். அந்தப் பசி வேளையில் உடலுக்குள் என்ன நடந்தது என்று இன்று பார்ப்போம்.

சாப்பிட்டதும் இன்சுலின் கூடுகிறது. வன்கூட்டுத் தசைகள் குளுக்கோசை உள்ளெடுத்துக் கிளைக்கோஜனாகச் சேமிக்கின்றன. ஈரலில் சேர்வது ஏறத்தாழ 100 கிராம். தசைகளில் அதைவிடப் பல மடங்கு. ஆனால் தசையால் அதை மீண்டும் குளுக்கோசாக்கி இரத்தத்துக்குத் தர முடியாது. அதற்கான நொதியம் அதனிடம் இல்லை. அந்த வேலை ஈரலுடையது.

மூளைக்கோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோசு வேண்டும். ஈரலின் சேமிப்பு ஒரு நாளுக்கே போதாது. இங்கேதான் தசை விட்டுக்கொடுக்கிறது. இன்சுலின் குறைந்ததும் கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பமிலங்கள் வெளிவருகின்றன. தசை அவற்றை எரித்துக்கொண்டு குளுக்கோசை மூளைக்கு விட்டுவிடுகிறது. கொழுப்பமிலம் எரியும்போது தசையில் குளுக்கோசின் பயன்பாடு தடைப்படுவதை 1963இல் பிலிப் ரான்டலும் அவருடைய குழுவினரும் விளக்கினர்.

இதற்கும் எல்லை உண்டு. உணவே இல்லாமல் இரண்டு மூன்று நாள் சென்றால் தசையின் புரதம் கரைகிறது. அதன் அமினோ அமிலங்களைக் கொண்டு ஈரல் குளுக்கோசு ஆக்குகிறது. பின்னர் மூளை கீற்றோன்களை எரிக்கப் பழகுவதால் இந்த இழப்பு குறையும்; ஆனால் நிற்காது.

நம்மில் பலர் 60 வயதைக் கடந்தவர்கள். வயதோடு தசை எப்படியும் குறைகிறது. ஆகவே ஆறு நாளும் தண்ணீரோடு மட்டும் இருக்கப் பிடிவாதம் வேண்டாம். பால் பழத்தோடும் ஒருநேர உணவோடும் இருப்பதும் விரதமே. பல நாள் உண்ணாதிருந்த தசை உடனே குளுக்கோசுக்குத் திரும்பாது. ஆகவே பாறணைச் சோறும் அளவாக இருக்கட்டும்.

நீரிழிவுக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர்கள் விரதத்துக்குச் சில வாரங்கள் முன்பே வைத்தியரைக் கேளுங்கள். ஊசியும் சில குளிசைகளும் உண்ணாத வேளையிலும் இன்சுலினைக் குறையவிடா. அப்போது தசை விட்டுக்கொடுக்காது. இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். நடுக்கமோ வியர்வையோ தலைச்சுற்றோ கண்டால் விரதத்தை அந்த இடத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இதை வீட்டிலுள்ள அம்மாமாருக்கும் சொல்லுங்கள்.